படம் தடுமாறும் இடம் எது?

விளையாடுபவரின் திரையில் ஆட்டம் தங்குதடையின்றி ஓடுகிறது. இணையம் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பருக்கோ பந்தயக் கார் ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில்தான் தென்படுகிறது. இடைப்பட்ட தூரம் காணாமற்போய்விடுகிறது. லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட மேசைக் கணினியிலிருந்து விளையாட்டுத் திரையைப் பகிர்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் குறை இது.

குறையைச் சொன்னவுடன் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டுதாம். 'விண்டோஸுக்கே திரும்பிவிடுங்கள்' என்பது ஒன்று. 'பழைய எக்ஸ்11 முறைக்கு மாறிவிடுங்கள்' என்பது மற்றொன்று. நோய் இன்னதென்று பாராமலே எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டுகள் இவை.

விளையாட்டுதானே என்று இதை ஒதுக்கிவிடவும் இயலாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இல்லாத, ஆனால் நன்றாகவே இயங்கும் கணினியைக் கழித்துவிட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு புகலிடம். வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் மென்பொருளால், விண்டோஸுக்காக எழுதப்பட்ட பல விளையாட்டுகளும் இன்று லினக்ஸில் இயங்குகின்றன. இணையவழிப் பாடம் நடத்தும் ஆசிரியரும், தொலைவிலிருந்து பிறர் கணினியின் பழுதைப் பார்ப்பவரும் பயன்படுத்துவது இதே திரைப் பகிர்வுப் பாதையைத்தான். அந்தப் பாதை சுமப்பவற்றுள் மிகக் கடினமான சுமை விளையாட்டு. அது சீராகக் கடக்குமானால் மற்றவை எளிதாகக் கடந்துவிடும்.

ஐந்து படிகள்

திரையில் தோன்றும் ஒரு காட்சி மற்றொருவர் கண்ணைச் சென்றடைவதற்குள் ஐந்து படிகளைக் கடக்கிறது. கிராபிக்ஸ் அட்டை படத்தை வரைகிறது. வரைந்த படத்தைப் பகிர்வு மென்பொருள் பிடித்துக்கொள்கிறது. பிடித்த படம் சுருக்கப்படுகிறது. சுருக்கப்பட்டது இணையத்தில் பயணிக்கிறது. இறுதியாக, பார்ப்பவரின் கருவி அதை விரித்துக் காட்டுகிறது.

இதில் உள்ள சுமையை ஒரு சிறு கணக்கு விளக்கும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட முழு எச்டி திரையில், புள்ளி ஒன்றுக்கு 4 பைட் எனக் கொண்டால், ஒரு ஃபிரேமின் அளவு ஏறத்தாழ 83 லட்சம் பைட். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 50 கோடி பைட். ட்விட்ச் போன்ற நேரலைத் தளங்களில் இத்தகைய காட்சிக்கு வழக்கமாகப் பயன்படும் அளவோ நொடிக்கு 6,000 கிலோபிட், அதாவது ஏழரை லட்சம் பைட். மூலப்படத்தை 660இல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லி நொடிக்குள் முடிக்க வேண்டும். ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் கணினியே இந்த வேலையையும் செய்கிறது. ஐந்து படிகளுள் எந்த ஒன்று பின்தங்கினாலும் பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: தடுமாற்றம்.

லினக்ஸில் ஏன்?

மற்ற இயங்குதளங்களிலும் இந்த ஐந்து படிகள் உண்டு. லினக்ஸில் இரண்டாம் படி கடந்த சில ஆண்டுகளில் அடியோடு மாறியது. அதன் விளைவையே பயனர்கள் இன்றும் உணர்கின்றனர்.

அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் 1984இல் உருவான எக்ஸ் சாளர முறையே நெடுங்காலம் லினக்ஸ் திரையை ஆண்டது. அதன் பதினோராவது வடிவமே எக்ஸ்11. அதில் இயங்கும் எந்த மென்பொருளும் மற்ற மென்பொருளின் சாளரத்தைப் பார்க்கலாம். விசைப்பலகையில் தட்டப்படுவதையும் கவனிக்கலாம். திரையைப் பகிர்வதற்கு அது வசதியாக இருந்தது. வேவு பார்ப்பதற்கும் அதே அளவு வசதியாக இருந்தது.

கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் 2008இல் தொடங்கிய வேலேண்ட் முறை இந்தக் கதவை அடைத்தது. அதில் ஒரு மென்பொருள் தன் சாளரத்தை மட்டுமே அறியும். பகிர வேண்டுமெனில் 'எந்தத் திரையை, எந்தச் சாளரத்தைக் காட்டலாம்?' என்று பயனரிடம் அனுமதி கேட்கப்படும். அனுமதி கிடைத்தபின் படத்தைச் சுமந்து செல்வது பைப்வயர் என்னும் இடைநிலை மென்பொருள். ரெட் ஹாட் நிறுவனத்தின் விம் டேமன்ஸ் உருவாக்கிய இது 2017இல் அறிமுகமானது.

புதிய பாதையில் கூட்டாளிகள் பலர். சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் 'கம்பாசிட்டர்', அனுமதி கேட்கும் 'போர்ட்டல்', பைப்வயர், கிராபிக்ஸ் அட்டையின் டிரைவர், பகிர்வு மென்பொருள் ஆகிய அனைத்தும் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைத்தால், கிராபிக்ஸ் அட்டையின் நினைவகத்தில் இருக்கும் படத்தை நகலெடுக்காமலே கைமாற்ற முடியும். அவற்றுள் ஒன்று பழையதாக இருந்தாலும், முன்னர் கணக்கிட்ட 50 கோடி பைட்டும் ஒவ்வொரு நொடியும் கணினியின் பொது நினைவகத்துக்கு நகலெடுக்கப்படலாம். இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள் உள்ள கணினியில், ஆட்டம் ஓர் அட்டையிலும் பகிர்வு மற்றோர் அட்டையிலும் நடந்தால் இந்தச் சிக்கல் கூடும்.

எக்ஸ்11க்குத் திரும்புவது சிலருக்கு உடனடி நிவாரணம் தரக்கூடும். ஆனால் அந்த வழி அடைபட்டு வருகிறது. ஃபெடோரா 2016இலேயே வேலேண்டை இயல்புத் தேர்வாக்கியது. 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10, தன் முதன்மைப் பதிப்பில் எக்ஸ்11 அமர்வையே நீக்கிவிட்டது. தனியுரிமைக்காக அடைக்கப்பட்ட கதவை மீண்டும் திறந்து வைப்பதைவிட, புதிய பாதையில் எங்கே தடங்கல் என்று காண்பதே அறிவுடைமை.

அளந்து அறிதல்

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பார்ப்பவர்கள் இருவரிடம் கேட்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தடுமாறினால் குறை அவருடைய இணைப்பிலோ கருவியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இருவருக்கும் தடுமாறினால் நம் கணினியை ஆராயலாம்.

அடுத்த சோதனைக்கு உதவுவது ஓபிஎஸ் ஸ்டுடியோ என்னும் கட்டற்ற மென்பொருள். 2021இல் வெளியான அதன் 27ஆம் பதிப்பிலிருந்து வேலேண்ட் திரையையும் அது பிடிக்கிறது. பகிர்வுக்கு வேறு மென்பொருளைப் பயன்படுத்துவோரும் இதை ஒரு பரிசோதனைக் கருவியாகக் கொள்ளலாம். ஆட்டத்தின் ஒரே பகுதியைச் சில நிமிடங்கள் கணினியிலேயே பதிவுசெய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவு சீராக இருந்தால் முதல் மூன்று படிகளைச் செய்யும் திறன் கணினிக்கு உண்டு. குறையை இணையத்திலோ வழக்கமான பகிர்வு மென்பொருளிலோ தேடலாம்.

பதிவும் தடுமாறினால், ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரச் சாளரம் வழிகாட்டும். அதில் மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும். ரெண்டரிங் தாமதத்தால் தவறிய ஃபிரேம்கள் கூடினால் கிராபிக்ஸ் அட்டைக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். என்கோடிங் தாமதத்தால் விடுபட்டவை கூடினால் சுருக்கும் பணி பின்தங்குகிறது. நேரலையின்போது, நெட்வொர்க்கால் கைவிடப்பட்டவை கூடினால் இணைய இணைப்பு போதவில்லை. மூன்றும் பூச்சியத்தை ஒட்டியே இருந்தும் படம் தடுமாறினால், படம் பிடிக்கும் இரண்டாம் படியை ஐயுறலாம்.

உலாவி வழியாகப் பகிர்பவர்களுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. குரோம், குரோமியம் உலாவிகளில் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் என்னும் உள்பக்கம் இருக்கிறது. பகிர்வு நடக்கும்போது அதைத் திறந்தால், படத்தின் தரம் குறைக்கப்பட்டதற்குக் காரணம் பிராசசரா, இணைய அலைவரிசையா என்று அதுவே சொல்லிவிடும்.

குறைக்கேற்ற மருந்து

கிராபிக்ஸ் அட்டை திணறினால், ஆட்டத்தின் வேகத்துக்கு வரம்பு விதிக்க வேண்டும். கட்டுப்பாடின்றி விட்டால் சில ஆட்டங்கள் அட்டையின் முழுத் திறனையும் எடுத்துக்கொள்ளும். படம் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஆட்டத்தின் அமைப்புகளிலோ மாங்கோஹட் போன்ற கருவியிலோ நொடிக்கு 60 ஃபிரேம் என வரம்பிட்டால் பல வேளைகளில் அதுவே போதும். திரையின் வேகம் 144 ஹெர்ட்ஸ் என்றால் மற்றொரு நுட்பமும் உண்டு. 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4 வருகிறது, ஆகவே பகிர்வில் ஒரு முறை இரண்டாவது ஃபிரேமும் மறுமுறை மூன்றாவது ஃபிரேமுமாக எடுபட்டு அசைவு சீரற்றுத் தெரியும். திரையையும் ஆட்டத்தையும் 120க்கோ 60க்கோ மாற்றினால் இது தீரும்.

சுருக்கும் பணி பின்தங்கினால், அதைப் பிராசசரிடமிருந்து விடுவிக்க வேண்டும். இன்டெல் 2011 முதலும், என்விடியாவும் ஏஎம்டியும் 2012 முதலும் காணொலியைச் சுருக்குவதற்கெனத் தனிப் பொறியைத் தங்கள் பல சில்லுகளில் வைத்திருக்கின்றன. ஓபிஎஸ்ஸில் எக்ஸ்264 என்பதற்குப் பதிலாக என்விஎன்சி அல்லது விஏ-ஏபிஐ என்பதைத் தேர்ந்தால் அந்தப் பொறி வேலையை ஏற்கும்.

அந்தத் தேர்வே கண்ணில் படாமல் போவதும் உண்டு. ஃபெடோரா 2022இல், காப்புரிமைச் சிக்கலை முன்னிட்டு, எச்.264 முறைக்கான வன்பொருள் ஆதரவைத் தன் மெசா டிரைவர் தொகுப்பிலிருந்து நீக்கியது. அதனால் ஏஎம்டி அட்டை வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் என்னும் வெளிக் களஞ்சியத்திலிருந்து அதைத் தனியே நிறுவ வேண்டியிருக்கிறது. பொறி கணினியிலேயே இருக்கிறது. அதைத் தொட விடாமல் தடுப்பது சட்டம். இதை அறியாதவர் கணினியையே மாற்ற நினைப்பார்.

இணையம் போதவில்லையெனில், பதிவேற்ற வேகத்தை அளக்க வேண்டும். சில இணையத் திட்டங்களில் பதிவிறக்க வேகம் மிகுதியாகவும் பதிவேற்ற வேகம் குறைவாகவும் இருக்கும். பகிர்வுக்கு வேண்டியது பின்னதே. வைஃபைக்குப் பதிலாகக் கம்பி இணைப்பும், நொடிக்கு 60க்குப் பதிலாக 30 ஃபிரேமும், 1080க்குப் பதிலாக 720 புள்ளி உயரமும் சுமையைப் பெரிதும் குறைக்கும்.

படம் பிடிக்கும் படியே குறையுடையதெனில், கம்பாசிட்டர், பைப்வயர், டிரைவர் ஆகியவற்றைப் புதுப்பிக்க வேண்டும். என்விடியா அட்டை உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடலாகாது. அந்த அட்டைகளில் வேலேண்டின் படங்கள் முறைதவறி மினுங்கும் சிக்கலுக்கு 2024இல் வெளியான 555 வரிசை டிரைவரில்தான் முறையான தீர்வு வந்தது. ஓபிஎஸ் பயன்படுத்துவோர், ஆட்டத்திலிருந்தே படத்தை நேரடியாக எடுக்கும் விகேகேப்சர் என்னும் செருகுநிரலையும் முயலலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் தடுமாறினால், பகிர்வு மென்பொருளின் இயல்பமைப்பைப் பார்க்க வேண்டும். கூட்டங்களுக்கான மென்பொருள்கள், திரையில் ஆவணம்தான் காட்டப்படும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவை அசைவைத் தியாகம் செய்கின்றன. ஜிட்சி மீட்டில் திரைப் பகிர்வின் இயல்பு வேகம் நொடிக்கு 5 ஃபிரேம்தான். அமைப்புகளில் அதை உயர்த்திக்கொள்ளலாம். இங்கே கணினியிலும் பழுதில்லை, இணையத்திலும் பழுதில்லை.

இந்தச் சோதனைகளில் காக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதையும் அதன் விளைவையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் ஐந்தை மாற்றியவருக்குக் குறை தீர்ந்தாலும் காரணம் தெரியாது. அடுத்த புதுப்பிப்பில் குறை திரும்பி வரும்போது அவர் மீண்டும் தொடக்கத்திலேயே நிற்பார்.

யாருடைய பொறுப்பு?

லினக்ஸுக்கு ஒற்றை உரிமையாளர் இல்லை. குறை என்று முறையிட்டால் கம்பாசிட்டரை எழுதியவர் டிரைவரைக் காட்டுவார். டிரைவரை எழுதியவர் பகிர்வு மென்பொருளைக் காட்டுவார். பயனருக்கு இது சலிப்பூட்டுவது உண்மை. கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் இதை உணர வேண்டும். படம் நகலெடுத்துச் செல்கிறதா, நேரடியாகச் செல்கிறதா, வன்பொருள் பொறி இயங்குகிறதா என்பனவற்றைச் சாதாரணப் பயனர் ஒரே பார்வையில் காணும்படி திரையிலேயே காட்டுவது இயலாத செயலன்று. அதுவரை இந்தச் சுமை பயனரின் தோளில்தான் இருக்கிறது.

ஆனால் பலர் வெவ்வேறு இடங்களில் செய்யும் பணி ஒன்றாய் இணைந்து இயங்கும் அமைப்பில், குறையின் இடத்தைச் சுட்டும் பயனரும் ஒரு பணியாளரே. 'லினக்ஸில் படம் தடுமாறுகிறது' என்ற புகாரால் யாருக்கும் பயனில்லை. 'பதிவு சீராக இருக்கிறது, என்கோடிங் தாமதம் இல்லை, இந்த டிரைவர் பதிப்பில் படம் பிடிக்கும்போது மட்டும் தடுமாறுகிறது' என்ற புகார் உரியவரைச் சென்றடைந்தால், அதே அட்டையை வைத்திருக்கும் மற்றவர்களின் குறையும் சேர்ந்தே தீரும். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுவது வீண்போகாது.