கை மரத்துப்போதல்

கையிலும் விரல்களிலும் தொடுவுணர்வு குறைந்து, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றுவதைக் கை மரத்துப்போதல் என்கிறோம். இது தனி நோயன்று. நரம்பில் எங்கோ கோளாறு இருப்பதன் அறிகுறி. கையை மடக்கிப் படுத்ததால் வந்த மரப்பு சில நிமிடங்களில் போய்விடும். அடிக்கடி வருவதைத்தான் கவனிக்க வேண்டும். எந்த விரல் மரக்கிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும்.

சுண்டுவிரல் தவிர மற்ற விரல்கள் மரத்தால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில். அங்கே எலும்புகளுக்கும் தடித்த நார் ஒன்றுக்கும் நடுவேயுள்ள குறுகிய வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் செல்கிறது. உள்ளே வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும். நள்ளிரவில் கை மரத்து விழிப்பு வரும். உதறினால் சற்றுத் தேறும். கர்ப்பிணிகள், தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், மணிக்கட்டுக்கு ஓயாமல் வேலை கொடுப்பவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். தொடக்கத்தில் இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிந்தாலே பலருக்குக் குறையும். முற்றவிட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, சட்டைப் பொத்தான் போடுவதே பாடாகிவிடும்; அப்போது அந்த நாரை அறுத்துவிட வேண்டியிருக்கும்.

சுண்டுவிரல் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தெலும்புத் தேய்மானமோ எலும்பிடை வட்டு பிதுங்கலோ இருக்கலாம்.

சர்க்கரை நோயில் பெரும்பாலும் பாதங்கள் முதலில் மரத்து, பிறகே கைக்கு வரும். அந்நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பவர்களுக்கும் புலால் உண்ணாதவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்து மரப்பு வருவதுண்டு. அந்தக் குறைவுக்கே பி12 ஊசி பலன் தரும்; எல்லா மரப்புக்கும் 'சத்து ஊசி' போட்டுக்கொள்வது நோயை வளரவிடுவதாகும்.

நம் நாட்டில் மறக்கவே கூடாத காரணம் தொழுநோய். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல், தடித்த நரம்பு, அடுப்பில் சுட்டதே தெரியாமல் கொப்புளத்தைக் கண்டு அறிவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆறு அல்லது பன்னிரண்டு மாதக் கூட்டு மருந்தில் குணமாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். கூச்சத்தால் மறைத்துக் காலம் கடத்தியவர்களுக்கே பெரும்பாலும் விரல்கள் மடங்கிப்போகின்றன.

ஒரு பக்கக் கை திடீரென மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். இரத்தம் கட்டியதால் வந்ததென்றால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள்.