செலிமியே பள்ளிவாசல்

செலிமியே பள்ளிவாசல் துருக்கியின் வடமேற்கு எல்லையிலுள்ள எடிர்னே நகரில் அமைந்த உதுமானியர் காலப் பெரும் பள்ளிவாசல். சுல்தான் இரண்டாம் செலிமின் ஆணைப்படி 1568-இல் தொடங்கி 1575-இல் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான மிமார் சினான் இதை வடிவமைத்தார். சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் குவிமாடமும், ஏறத்தாழ 71 மீட்டர் உயரமுள்ள நான்கு மினாராக்களும் இதன் அடையாளங்கள். உதுமானியர் எழுப்பிய குவிமாடங்களில் இதுவே மிகப் பெரியது. பள்ளிவாசலும் அதைச் சார்ந்த கட்டடங்களும் 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நகரும் பின்னணியும்

ரோமானியப் பேரரசர் ஹேட்ரியனின் பெயரால் ஹேட்ரியனோபிள் என வழங்கிய பழைய நகரமே எடிர்னே. துண்ஜா, மெரிச், ஆர்தா ஆகிய ஆறுகள் கூடும் இடம் இது. 1453-இல் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) உதுமானியர் வசமாகும்வரை எடிர்னே அவர்களுடைய தலைநகராக இருந்தது. தலைநகரம் மாறிய பிறகும் ஐரோப்பியப் போர்களுக்குப் புறப்படும் படைகள் இவ்வழியே சென்றன. சுல்தான்கள் இங்கே தங்கி வேட்டையாடுவதும் வழக்கமாயிற்று. செலிமும் இளவரசராக இருந்த காலத்திலேயே இந்நகருடன் பழகியவர்.

உதுமானியப் பள்ளிவாசல் வளர்ந்த வரலாற்றை எடிர்னேயின் மூன்று கட்டடங்களைக் கொண்டே சொல்லிவிடலாம். 1414-இல் முடிந்த எஸ்கி ஜாமி, வரிசைக்கு மூன்றாக ஒன்பது குவிமாடங்களைக் கொண்டது. அவற்றைத் தாங்கும் நான்கு பருத்த தூண்கள் தொழுமிடத்தின் நடுவே நிற்கின்றன. 1447-இல் முடிந்த ஊச் ஷெரெஃபெலி பள்ளிவாசலில் சுமார் 24 மீட்டர் அகலமுள்ள ஒரு குவிமாடம் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது. சிறியவை பக்கங்களுக்கு ஒதுங்கின. செலிமியேயில் ஒரே குவிமாடம் தொழுமிடம் முழுவதையும் ஆள்கிறது.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் தொழுகையின் தேவை ஒன்று இருக்கிறது. ஜமாஅத்தாகக் கூடித் தொழுவோர் மக்காவின் திசையான கிப்லாவை நோக்கித் தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பு ஸஃப்பாக நிற்பார்கள். நடுவே நிற்கும் தூண்கள் அந்த வரிசைகளை உடைக்கும்; தொழுகை நடத்தும் இமாமையும், கிப்லாவைக் காட்டும் மாடமான மிஹ்ராபையும் மறைக்கும். தூண்களை ஓரத்துக்குத் தள்ளி, அனைவரையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்துவதே உதுமானியக் கட்டடக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிய வழி.

சினானும் சுல்தானும்

சினான் அனத்தோலியாவின் கைசேரி வட்டாரத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அரசுப் பணிக்குச் சிறுவர்களைத் திரட்டும் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, சுல்தானின் காலாட்படையான ஜானிசரிப் படையில் சேர்ந்தார். பல போர்களில் பங்கேற்று, பாலம் அமைப்பது போன்ற வேலைகளில் தேர்ச்சி பெற்றார். ஏறத்தாழ ஐம்பது வயதில் தலைமைக் கட்டடக் கலைஞரானார். 1588-இல் மறையும்வரை அப்பொறுப்பில் நீடித்தார். இஸ்தான்புல்லின் ஷெஹ்சாதே பள்ளிவாசலைப் பயிற்சிக் காலப் பணி என்றும், சுலைமானியேயைத் தேர்ச்சி பெற்ற காலப் பணி என்றும், செலிமியேயைத் தம் முழுத் திறனும் வெளிப்பட்ட பணி என்றும் அவர் கருதியதாக மரபு சொல்கிறது. செலிமியேயைத் தொடங்கியபோது அவர் எண்பது வயதை நெருங்கியிருந்தார்.

கவிஞர் சாயி முஸ்தஃபா செலபி எழுதிவைத்த சினானின் நினைவுக் குறிப்புகள், இஸ்தான்புல்லின் பழைய பைசாந்தியத் தேவாலயமான ஆயா சோஃபியாவின் குவிமாடத்துக்கு இணையாக முஸ்லிம்களால் ஒன்று கட்ட முடியாது என்ற பேச்சு தம் மனத்தை உறுத்தியதாகவும், செலிமியேயில் அதை வென்றதாகவும் அவர் கூறியதைப் பதிவு செய்கின்றன. அளந்து பார்த்தால் இரண்டின் விட்டமும் ஏறத்தாழச் சமம். தரையிலிருந்து உயரத்தில் ஆயா சோஃபியாவே முந்துகிறது. சினானின் வெற்றி உறுதியிலும் ஒருமையிலும் இருக்கிறது. அதே ஆண்டுகளில் ஆயா சோஃபியாவுக்கு முட்டுச்சுவர்கள் கொடுத்து வலுப்படுத்தும் பணியையும் அவரே செய்தார். அந்தப் பழங்கட்டடம் எங்கே தளர்கிறது என்பதை அவரளவுக்கு அறிந்தவர் அன்று வேறு எவரும் இருந்திருக்க முடியாது.

இரண்டாம் செலிம் 1574 டிசம்பரில் இஸ்தான்புல்லில் காலமானார். தம் பெயர் தாங்கிய பள்ளிவாசல் திறக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

குவிமாடத்தின் அமைப்பு

குவிமாடத்தை எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. சுலைமானியேயில் நான்கு பெருந்தூண்களும், முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய அரைக் குவிமாடங்களும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. செலிமியேயில் சினான் அம்முறையை விட்டுவிட்டு எண்கோண அமைப்பைத் தேர்ந்தார். தூண்களை இணைக்கும் எட்டு வளைவுகளின்மேல் குவிமாடம் அமர்ந்திருக்கிறது. நான்கு மூலைகளில் சிறிய அரைக் குவிமாடங்கள் உள்ளன. சுமை எட்டாகப் பிரிவதால் ஒவ்வொரு தூணும் சுவரோரமாகவே நிற்க முடிகிறது. குவிமாடம் வெளிப்புறமாகத் தள்ளும் விசையை முட்டுச்சுவர்கள் ஏற்கின்றன. அவற்றில் பலவும் மாடங்களுக்கும் நடைகளுக்கும் இடையே மறைக்கப்பட்டிருப்பதால் உள்ளே நிற்பவருக்கு அந்தப் பளு தெரிவதில்லை.

மிஹ்ராப் கிப்லாச் சுவரிலிருந்து வெளியே நீட்டிய தனி மாடத்தில் அமைந்துள்ளது. மூன்று பக்கச் சாளரங்களும் அதற்கு ஒளி தருகின்றன. குவிமாடத்தின் அடிவட்டத்திலும் சுவர்களின் ஒவ்வோர் அடுக்கிலும் சாளரங்கள் நிறைந்திருக்கின்றன. குவிமாடத்தின் உச்சி தரையிலிருந்து 42 மீட்டருக்கும் மேல் இருந்தும், கனத்த கல்லுக்கு அடியில் நிற்கும் உணர்வு எழுவதில்லை. ஒளியையே கட்டுமானப் பொருளாக்கிக்கொண்ட கட்டடம் இது.

மினாராக்கள்

சுலைமானியேயில் நான்கு மினாராக்களும் முற்றத்தின் மூலைகளில் நிற்கின்றன. செலிமியேயில் அவை தொழுகைக் கூடத்தின் நான்கு மூலைகளில், ஒரே உயரத்தில், குவிமாடத்தைக் காவல் காப்பவைபோல நிற்கின்றன. சமவெளியில் நெடுந்தொலைவிலிருந்தே தெரிவது இந்தத் தோற்றம்தான். ஒவ்வொன்றிலும் பாங்கு சொல்வதற்கான மூன்று மாடங்கள் உண்டு. முற்றத்தை ஒட்டிய இரு மினாராக்களில் மூன்று தனித்தனிச் சுழற்படிகள் ஒன்றையொன்று பின்னிச் செல்கின்றன. மூவர் ஒருவரையொருவர் காணாமலே மேலேறலாம். மினாராவின் விட்டமோ நான்கு மீட்டருக்கும் குறைவு. இந்த நுட்பத்துக்கு முன்னோடி அதே நகரின் ஊச் ஷெரெஃபெலி பள்ளிவாசலில் உள்ளது.

உட்புறம்

குவிமாடத்தின் நேர் கீழே, பன்னிரண்டு பளிங்குத் தூண்களின்மேல் பாங்கு சொல்லும் மோதினார்களுக்கான மேடை நிற்கிறது. அதன் அடியில் சிறு நீரூற்று. கூடத்தின் நடுவே இதை வைத்தது உதுமானிய வழக்கத்துக்குப் புதியது. இமாம் உரையாற்றும் பளிங்கு மேடையான மிம்பரின் பக்கங்கள் விண்மீன் கோலங்களாகத் துளையிட்டுச் செதுக்கப்பட்டவை.

மேடைத் தூண் ஒன்றில் தலைகீழான துலிப் மலர் செதுக்கப்பட்டுள்ளது. அங்கிருந்த துலிப் தோட்டத்தை அதன் உரிமையாளர் விற்கத் தயங்கியதை இது குறிப்பதாக ஊரார் கதை சொல்கின்றனர்.

மிஹ்ராபைச் சுற்றியும் சுல்தான் தொழும் மாடத்திலும் இஸ்னிக் நகரின் மெருகு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 16-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இஸ்னிக் சூளைகள் உச்ச நிலையில் இருந்தன. ஓட்டின் பரப்பில் மேடிட்டு நிற்கும் சிவப்பு அக்காலத்தின் சிறப்பு. வெண்பரப்பில் நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் பூக்களும் இலைகளும் படர்கின்றன. சுல்தான் மாடத்தில் ஆப்பிள் மரங்களும் உண்டு. சினான் ஓடுகளைக் கூடம் முழுவதும் இறைக்காமல் தேர்ந்த இடங்களில் மட்டும் வைத்தார். அலங்காரம் வெளியின் ஒருமையைக் கலைக்காதபடி காத்தது அவருடைய கட்டுப்பாடு.

சார்புக் கட்டடங்கள்

பள்ளிவாசலுக்குப் பின்புறம் ஹதீஸ் கல்விக்கும் குர்ஆன் ஓதும் பயிற்சிக்குமாக இரு மதரஸாக்கள் கட்டப்பட்டன. இன்று ஒன்றில் துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் மற்றொன்றில் வக்ஃபு அருங்காட்சியகமும் இயங்குகின்றன. மேற்குச் சரிவையொட்டிய நீண்ட அங்காடித் தெரு செலிமின் மகன் சுல்தான் மூன்றாம் முராத் காலத்தில் சேர்க்கப்பட்டது. அதன் கடை வாடகை பள்ளிவாசலின் பராமரிப்புக்கு உதவியது.

பிற்கால வரலாறு

1752-இல் நேர்ந்த நிலநடுக்கத்தைச் செலிமியே தாங்கி நின்றது. 1877–78 போரில் ரஷ்யப் படை எடிர்னேயைப் பிடித்தபோது சுல்தான் மாடத்தின் ஓடுகளில் சில பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. முதல் பால்கன் போரில் நகரம் முற்றுகையிடப்பட்டு 1913 மார்ச்சில் வீழ்ந்தது. அப்போது பள்ளிவாசலும் பீரங்கிக் குண்டுகளால் சேதமடைந்தது. இன்று இது எல்லை நகரின் ஜும்ஆப் பள்ளிவாசலாகத் தொடர்கிறது.

மதிப்பீடு

சினானுக்குப் பின் வந்தவர்கள் செலிமியேயின் எண்கோண முறையை இதே அளவில் மீண்டும் முயலவில்லை. 1616-இல் முடிந்த இஸ்தான்புல் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல் நான்கு தூண் முறைக்கே திரும்பியது. அதன் குவிமாடமும் சிறியது. கொத்தனும் கல்தச்சனும் கையால் எழுப்பிய குவிமாடக் கட்டடங்களுள், பெருங்கூட்டம் பிளவின்றி ஒன்றாக நின்று தொழ வேண்டும் என்ற நோக்கத்தை இவ்வளவு முழுமையாக நிறைவேற்றியது வேறு அரிது. செலிமியேயின் அழகு அந்த நோக்கத்திலிருந்தே பிறந்தது.