மார்டெனிட்சா

சிவப்பு, வெள்ளை நூல்களைக் கையால் முறுக்கிச் செய்து, மார்ச் 1ஆம் நாள் உற்றார் உறவினருக்குப் பரிசளிக்கும் பல்கேரிய அணி. மணிக்கட்டுக் கயிறு, சட்டையில் குத்தும் குஞ்சம், கழுத்துச் சரடு எனப் பல வடிவங்கள் உண்டு. பீழோ, பென்டா என்னும் நூல் பொம்மை இணை பரவலாக அறியப்பட்டது. ஆண் பொம்மை வெள்ளை, பெண் பொம்மை சிவப்பு.

மரபான மூலப்பொருள் கம்பளி நூல். இருநிற இழைகளையும் சேர்த்து நீட்டிப் பிடித்து இறுக முறுக்கி, நடுவில் மடித்தால், இரு பாதிகளும் தாமாகவே பின்னிக்கொண்டு கயிறாகும். முனையில் முடிச்சிட்டுக் குஞ்சம் விடுவர். கண்ணேறு படாதிருக்க நீலமணி கோப்பதும் உண்டு. கடைச் சரக்காகவும் இன்று பெருமளவில் கிடைக்கிறது.

தனக்கெனச் செய்துகொள்வதைவிடப் பிறர் தரப் பெறுவதே வழக்கம். அணிந்தவர் செங்கால் நாரையையோ தகைவிலானையோ பூத்த மரத்தையோ காணும்வரை அதைக் கழற்றுவதில்லை. பின்னர் மரக்கிளையில் கட்டிவிடுவர். மார்ச் மாதத்தின் உருவகமான பாபா மார்த்தா என்னும் சிடுசிடுப்பான கிழவியை மகிழ்வித்துக் குளிரை விரைவில் அனுப்பிவைப்பது இதன் நோக்கம்.

7ஆம் நூற்றாண்டில் பல்கேரிய அரசை நிறுவிய கான் அஸ்பாரூகுடன் இவ்வழக்கத்தை இணைக்கும் கதை செல்வாக்குடையது. எனினும் அதைத் தொல்கதையாகவே கொள்ளவேண்டும். இதன் இணை வடிவம் ருமேனியாவிலும் மால்டோவாவிலும் மார்ட்சிஷோர் எனப்படும். பல்கேரியா, வட மாசிடோனியா, மால்டோவா, ருமேனியா ஆகிய நான்கு நாடுகளின் மார்ச் முதல்நாள் வழக்கங்களை யுனெஸ்கோ 2017இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.