பெங்களூர் வீடுகளில் கேசட் படியெடுத்த காலம்

செல்லரிக்கும் முன் வேறோர் ஓலையில் எழுதிவைத்தவர்களால்தான் பழைய நூல்கள் பல நமக்குக் கிடைத்தன. 1970-களிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் பெங்களூர்த் தமிழர் வீடுகளிலும் அதே வேலை நடந்தது. ஓலையில் அல்ல, கேசட்டில்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகம் செய்தது. உள்ளே 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். பேச்சைப் பதியப் போதும் என்று வந்த சாதனத்தில் நம்மவர்கள் பதியாதது எது? சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து இராமநவமிக் கச்சேரி, இலங்கை வானொலிப் பாட்டு, ஊரிலிருந்து வந்த பெரியவர்களின் குரல், எல்லாம்தான். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. குடியிருப்புகளில் ஒரு வீட்டுக் கேசட் நாலு வீடு சுற்றும்.

படியெடுக்க முதலில் இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரெதிரே வைப்பார்கள். ஒன்று பாடும், மற்றது மைக்கில் வாங்கிக்கொள்ளும். வீடே மூச்சுவிடாது, குக்கருக்கு மட்டும் அது தெரியாது. பிறகு ஐந்து முள் கேபிள் வந்தது, அப்புறம் டபுள் டெக். அதில் இரட்டை வேகத்தில் எடுத்தால் நேரம் பாதியாகும், சன்னமான ஒலிகள் மங்கும். எப்படி எடுத்தாலும் ஒவ்வொரு படிக்கும் 'உஸ்' என்ற இரைச்சல் கூடும். விவரம் தெரிந்தவர்கள் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, சின்ன ஸ்குரூ டிரைவரால் அதன் சாய்வைச் சரிபார்த்த பிறகே தொடங்குவார்கள்.

கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் காது உண்டு. உடைத்துவிட்டால் அதன் மேல் பதிய முடியாது. நாங்கள் உடைக்கவில்லை. 1984-ல் எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவர், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தபோது நடவுப் பாட்டுகள் பாடினார். 1986-ல் போய்விட்டார். மறுவருஷம் உலகக் கோப்பை கிரிக்கெட் வர்ணனையை நான் அந்தக் கேசட்டிலேயே பதிந்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அல்சூரில் பெரியப்பாவிடம் ஒரு படி இருந்தது, எங்கள் வீட்டிலேயே மைக் வைத்து எடுத்தது. அதை 2019-ல் பழைய டெக்கிலிருந்து கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு பக்கம் 45 நிமிடம் என்றால் 45 நிமிடம் உட்காரத்தான் வேண்டும். ஆயாவின் குரல் இரைச்சலுக்கு அடியில் கேட்கிறது. நடுவே மூன்று விசில். மூன்றாவது விசிலுக்குப் பிறகு அம்மா, "டேய், கேஸை அணைடா" என்கிறார். அம்மாவும் இப்போது இல்லை. எங்களிடம் இருக்கும் அவர் குரல் அவ்வளவுதான்.