24 (திரைப்படம்)

24 என்பது 2016ஆம் ஆண்டு மே 6 அன்று வெளிவந்த தமிழ் அறிவியல் புனைவுத் திரைப்படமாகும். விக்ரம் குமார் எழுதி இயக்கிய இப்படத்தில் சூர்யா மூன்று வேடங்களில் நடித்துள்ளார். சமந்தா, நித்யா மேனன், சரண்யா பொன்வண்ணன் ஆகியோர் பிற முக்கிய வேடங்களை ஏற்றுள்ளனர். சூர்யாவின் 2டி என்டர்டெயின்மென்ட் நிறுவனம் தயாரித்த இப்படத்திற்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்துள்ளார்.

வகை

அறிவியல் புனைவு, காதல்

கதைச் சுருக்கம்

கவனிக்க: இப்பகுதியில் திரைப்படத்தின் கதை விவரிக்கப்பட்டுள்ளது.

1990ஆம் ஆண்டில் அறிவியலாளர் சேதுராமன் (சூர்யா) காலத்தைக் கடக்க உதவும் கைக்கடிகாரம் ஒன்றை உருவாக்குகின்றார். அதனைக் கைப்பற்ற முயலும் அவரது இரட்டைச் சகோதரன் ஆத்ரேயா (சூர்யா), சேதுராமனின் மனைவி பிரியாவைக் (நித்யா மேனன்) கொல்கின்றான். கைக்குழந்தையுடன் தப்பும் சேதுராமன், தொடர்வண்டியில் சந்திக்கும் சத்யபாமாவிடம் (சரண்யா பொன்வண்ணன்) குழந்தையை ஒப்படைக்கின்றார்.

26 ஆண்டுகளுக்குப் பின், கடிகாரம் பழுதுபார்ப்பவனாக வளர்ந்திருக்கும் அக்குழந்தை மணியிடம் (சூர்யா) அக்கடிகாரம் கிடைக்கின்றது. அதன் ஆற்றலைக் கொண்டு அவன் சத்யாவின் (சமந்தா) காதலைப் பெற முயல்கின்றான். இதற்கிடையே நீண்டகால நினைவிழப்பு நிலையிலிருந்து விழிக்கும் ஆத்ரேயா, இயங்காத உடலுடன் சக்கர நாற்காலியில் முடங்கியவனாய்க் கடிகாரத்தைத் தேடுகின்றான். இழந்த 26 ஆண்டு இளமையை மீட்பதே அவனது நோக்கமாகும்.

காலப் பயண விதிகள்

இக்கடிகாரத்தால் 24 மணி நேர எல்லைக்குள் மட்டுமே காலத்தைக் கடக்க இயலும். படத்தின் பெயர் இதனைக் குறிக்கின்றது. காலத்தை உறையச் செய்யும் ஆற்றலும் இதற்கு உண்டு.

2015ஆம் ஆண்டு வெளிவந்த இன்று நேற்று நாளை என்ற தமிழ்ப் படத்தில் பயணிகள் இயந்திரத்தில் ஏறிக் கடந்த காலத்திற்குச் செல்கின்றனர். 24 படத்திலோ கடந்த காலத்திற்குச் செல்பவர், தமது நினைவுகளுடன் அன்றைய உடலையே அடைகின்றார். எனவே 26 ஆண்டுகள் பின்செல்லும் ஆத்ரேயாவிற்கு நலமான உடல் கிடைக்கும். மணியோ மீண்டும் கைக்குழந்தையாவான். ஒரு நாள் பின்செல்வதால் மணிக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. 26 ஆண்டுகள் பின்சென்றாலோ கொல்லப்பட்ட பெற்றோரைக் காக்க வாய்ப்புண்டு. ஆனால் சத்யாவுடனான காதலும் வளர்ந்த வாழ்க்கையும் இல்லாமற் போகும். 24 மணி நேர எல்லையை நீக்குவதற்காக ஆத்ரேயா, சேதுராமனைப் போல் வேடமிட்டு மணியை ஏமாற்றுகின்றான். கதையின் இறுதிப் பகுதி 1990ஆம் ஆண்டின் தொடர்வண்டிப் பயணத்திற்கே திரும்புகின்றது.

ஒப்பீடு

காலப் பயணத்தையும் இளம் பருவக் காதலையும் இணைக்கும் கதைகளுள் யசுதாக்கா சுசுய் எழுதிய சப்பானியப் புதினம் குறிப்பிடத்தக்கது. 1967ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த இப்புதினத்தைத் தழுவி நொபுஹிக்கோ ஓபயாஷி 1983ஆம் ஆண்டு திரைப்படம் இயக்கினார். மமோரு ஹொசோடாவின் 2006ஆம் ஆண்டு இயங்குபடமும் இதனை அடிப்படையாகக் கொண்டதே. அதில் மகோட்டோ என்னும் மாணவி, நண்பன் தன் காதலைச் சொல்லவிடாமல் தடுக்கக் காலத்தில் பின்தாவுகின்றாள். அவளுக்குள்ள எல்லை தாவல்களின் எண்ணிக்கையாகும்; மணிக்குள்ள எல்லை மணிநேரமாகும். இருவரும் அவ்வாற்றலை முதலில் விளையாட்டாகவே செலவிடுகின்றனர்.

விருதுகள்

64ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த ஒளிப்பதிவிற்கான விருதைத் திருநாவுக்கரசு இப்படத்திற்காகப் பெற்றார். சிறந்த தயாரிப்பு வடிவமைப்பிற்கான விருதும் இப்படத்திற்குக் கிடைத்தது.