கோகோலீச்சேயின் பேரப்பிள்ளைகள்

ப்யூனஸ் அயர்ஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒருநாள் சமையலறைக் குழாய் உடைந்து, தண்ணீர் கூடம் வரை வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவும் நானும் துடைத்துக்கொண்டிருந்தோம். முந்தின வாரம் அலுவலகத்தில் பொறுக்கிய சொல்லைப் பெருமையாக எடுத்துவிட்டேன்: "கே கிலோம்போ!" பையன்கள் நாளைக்கு இருபது தடவை சொல்வார்கள். 'ஒரே களேபரம்' என்று பொருள். அந்த அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பா முன்னாடி இதைச் சொல்லியிருந்தா, அப்படியே வாசலுக்கு அனுப்பியிருப்பார்."

ராத்திரி அகராதியைப் புரட்டினேன். கிலோம்போ என்றால் அந்தத் தலைமுறைக்கு விபசார விடுதி. அதற்கும் முன்னால் போனால் அங்கோலாவின் கிம்புந்து மொழி, அங்கே அது பாசறை. பிரேசிலில், தப்பியோடிய அடிமைகள் காட்டுக்குள் அமைத்துக்கொண்ட ஊர்களுக்கு அந்தப் பெயர். 1778 கணக்கெடுப்பில் ப்யூனஸ் அயர்ஸ் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அந்த முகங்களை இன்று நகரத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொல் மட்டும் எல்லார் வாயிலும் இருக்கிறது. விடுதலையான மனிதர்களின் ஊர்ப்பெயர் எப்படி வசையாகி, பிறகு வசை எப்படி வெறும் களேபரமானது என்று யோசித்தபோது, என் 'உள்ளூர்க்காரன் மாதிரி பேசும்' ஆசை கொஞ்சம் கூசியது.

அந்த ஆசைக்குக் காரணம் பாடப்புத்தகம். அது எனக்கு 'நீ' என்பதற்குத் 'தூ' என்று சொல்லிக்கொடுத்திருந்தது. இந்த ஊரிலோ எல்லாரும் 'வோஸ்'. ஒருகாலத்தில் ஸ்பெயினில் வோஸ் மரியாதைச் சொல். பிறகு மதிப்பிழந்து வழக்கொழிந்தது. வைஸ்ராய்கள் இருந்த மெக்சிகோவும் லிமாவும் அரசவையைப் பார்த்து மாறிக்கொண்டன. கோடியில் கிடந்த துறைமுகம் பழையதையே வைத்துக்கொண்டது. நம்முடைய 'நீர்' பன்மையிலிருந்து மரியாதைக்கு வந்து, இன்று நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் நடுவாந்தரமாக நிற்கிறதே, அந்த மாதிரி. ஆகவே 'தூ' என்று நான் வாய் திறந்த நிமிஷமே வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். சரி, கொச்சையையும் கற்றுவிடுவோம் என்று நோட்டு போட்டு எழுத ஆரம்பித்தேன்.

அந்தக் கொச்சைக்கு லுன்ஃபார்தோ என்று பெயர். அந்தப் பெயருக்கே முதலில் திருடன் என்றுதான் பொருள். 1894இல் அந்தோனியோ தெலெபியானே போட்ட அகராதிக்குத் தலைப்பே 'குற்றத்தின் மொழி'. ஆனால் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்பாவிகள். வேலைக்கு 'லபூரோ', இத்தாலிய லவோரோ. சோம்பலுக்கு 'ஃபியாகா', ஜெனோவாக்காரர்கள் கொண்டுவந்தது. இது போதாதென்று அசையைத் திருப்பிப் போடும் விளையாட்டு வேறு: தாங்கோ 'கொத்தான்' ஆகும், அமீகோ 'கொமியா' ஆகும். நாம் சின்ன வயதில் பேசிய 'க' பாஷையைப் பெரியவர்கள் டீக்கடையில் பேசுவது போல.

1914இல் அந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அவர்களில் இத்தாலியர்களே அதிகம். அத்தனை பேருக்கும் என் ஆசைதான் இருந்தது. அதைக் கேலிப்பொருளாக்கியது ஒரு சர்க்கஸ் கூடாரம். போதெஸ்தா குடும்பத்தார் 'ஹ்வான் மொரெய்ரா' என்ற கௌச்சோ கதையை நாடகமாகப் போட்டுவந்தார்கள். 1890 வாக்கில் அதில் கோகோலீச்சே என்றொரு பாத்திரம் நுழைந்தது. கௌச்சோ உடுப்பு மாட்டிக்கொண்ட இத்தாலியன். நான் எலும்பு வரைக்கும் இந்த மண்ணுக்காரன் என்று உடைந்த ஸ்பானிஷில் சத்தியம் செய்வான். கூடாரம் அதிரச் சிரிப்பு. குழுவிலேயே கூலிவேலை பார்த்த ஒரு கலாப்ரியாக்காரரைப் பார்த்துச் செய்த வேஷம் என்பார்கள். பிறகு குடியேறிகளின் கலப்புப் பேச்சுக்கே கோகோலீச்சே என்று பெயராகிவிட்டது.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1941இல் ஸ்பானிய அறிஞர் அமெரிக்கோ காஸ்த்ரோ இந்த ஊர் மொழி நோயுற்றுவிட்டது என்று புத்தகம் போட்டார். போர்ஹெஸ் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆனால் போர்ஹெஸுக்கும் லுன்ஃபார்தோ மேல் மதிப்பில்லை, அவர் கணக்கில் அது பாட்டெழுதுகிறவர்களின் வேடிக்கை. 1943 ராணுவ ஆட்சிக்கு வேடிக்கை பார்க்கவும் பொறுமையில்லை. வானொலியில் லுன்ஃபார்தோவுக்குத் தடை. 'ஷுஷேதா' என்ற தாங்கோ 'பிரபு' என்ற பெயரில் திருந்தி வந்தது. 1949இல் பாடலாசிரியர்கள் பெரோனை நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் பிடி தளர்ந்தது.

இந்தத் தடையைப் பற்றி அந்த அம்மாவிடம் கேட்டேன். பாட்டெல்லாம் சப்பென்று ஆகிப்போனது நினைவிருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பள்ளிக்கூடத்துல லபூரோன்னு சொன்னதுக்கு டீச்சர் நூறு தடவை த்ரபாஹோன்னு எழுத வச்சாங்க" என்றார். "வீட்டுக்கு வந்து அப்பாவைத் திருத்த ஆரம்பிச்சேன். ஒருநாள் விருந்தாளிங்க முன்னாடி. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் யாராவது வந்தா அவர் வாயே திறக்க மாட்டார்."

அப்பா ஜெனோவாவிலிருந்து வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

மறுநாள் காலை குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். உள்ளூர் இளைஞர். சமையலறையை எட்டிப் பார்த்ததுமே, "கே கிலோம்போ!" என்றார். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு மாத்தே ஊற்றிக் கொடுத்தார்.