மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே: பெரியாற்று அணையின் முகாம்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையில் நிற்கும் மலைத்தொடர், மழையைப் பொறுத்தவரை ஒரு மதிலாகும். அரபிக்கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் மேகங்கள் பீருமேட்டிலும் குமுளிக்கு அப்பாலுள்ள காடுகளிலும் தம் நீரில் பெரும்பகுதியைக் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. இதனால் பீருமேட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்யும் மழை, அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரே தள்ளியிருக்கும் சின்னமனூரில் 1,000 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது; ஆடி மாதத்தில் அவ்வூர் மக்கள் காண்பது பெரும்பாலும் காற்றில் சிதறி வரும் சாரல் மட்டுமே. மதிலுக்கு அந்தப் பக்கம் வீணாக ஓடிய நீரை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்துவிட்டது. அது நிறைவேற நூறாண்டுக்கு மேல் ஆனதற்குப் பொறியியல் சிக்கலும் பணமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கு இணையான இன்னொரு காரணமும் உண்டு: ஆயிரக்கணக்கானோர் அந்த மழைக்காட்டில் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை.

சிறு கூட்டமாக அங்கே தங்கியவர்களுக்கு விடை முன்பே தெரிந்திருந்தது. மலையில் வாழும் பளியர்கள் மழைக்காலத்தில் பொடவுகளில் ஒதுங்கினர். பொடவு என்பது மேற்பாறை முன்னோக்கி நீண்டு கூரைபோல் கவிந்திருக்கும் இயற்கை ஒதுக்கிடம். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதும், பாறையின் விளிம்பிலிருந்து வழியும் நீர் உள்ளே ஊறாமல் வெளியே சொட்டுவதும், ஓடை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் காலடியில் இல்லாதிருப்பதும் நல்ல பொடவின் அடையாளங்கள். மலைமாடு மேய்ப்போர் பருவத்துக்குப் பருவம் காட்டுக்குள் இடம் மாற்றித் தொழு அமைத்தனர். சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளும், அதாவது கிடைக்குத் தலைமை தாங்கும் இடையர்களும், மழை கண்டவுடன் கிடையைத் தாழ்வயலிலிருந்து மேட்டாங்காட்டுக்கு ஏற்றிவிடுவர். நீர் தேங்கும் தரையில் ஓரிரவு நின்றாலும் ஆட்டின் குளம்பு அழுகத் தொடங்கும் என்பதால், குட்டிகளை மூடிவைக்கும் கூடாப்பு என்னும் ஓலைக்கூண்டை இறக்கும் முன்பே அவர்கள் மண்ணைக் காலால் அழுத்திப் பார்ப்பார்கள். இந்த அறிவு எழுத்தில் ஏறவில்லை. பின்னாளில் மலையேறிய பொறியாளர்களுக்கு இது எந்த அளவு பயன்பட்டது என்பதற்கும் ஏடுகளில் தடம் இல்லை.

பெருங்கூட்டம் மழைக்காட்டில் பாசறை அமைப்பது பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய விரிவான சித்திரம் முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. காவிரிப்பூம்பட்டினம் என்னும் கடற்கரை நகரத்துப் பொன்வாணிகரின் மகனார் நப்பூதனார் பாடிய இந்நூல், பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. காட்டாறு தழுவிய பரந்த முல்லைநிலத்தைத் தேர்ந்து, புதர்களை வெட்டி அகற்றி, முட்களால் மதில்போல் வேலியிட்டு, தழை வேய்ந்த குடில்களைத் தெருத்தெருவாக நிறுத்தி, நாற்சந்தியில் யானையைக் காவல் வைத்த பாசறையை அது படிப்படியாகக் காட்டுகிறது. ஆற்றருகு, வெட்டிய வெளி, வேலி, தெரு என்ற இதே வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டுமான முகாம்களும் பின்பற்றின. முல்லைப்பாட்டின் பாசறையில் இல்லாதது நோய் ஒன்றே. வரலாற்றுப் பாசறைகளிலோ பகைவரைவிட அதிகம் பேரைக் கொன்றது நோய்தான்.

மலைக்கு மேற்கே ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாமா என்று ஆராய ஆள் அனுப்பிய முதல் மனிதராக இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை குறிப்பிடப்படுகிறார், ஆண்டு 1789. 1808இல் கேப்டன் கால்டுவெல் இடத்தைப் பார்வையிட்டு, இது நடவாத கற்பனை என்று தள்ளிவிட்டார். 1850இல் சிறிய அளவில் ஓர் அணை தொடங்கப்பட்டது. அந்த வேலை எவ்வாறு நின்றுபோனது என்பது இங்கே முக்கியமானது. பாறை உடையாமலோ வெள்ளம் அடித்தோ அது நிற்கவில்லை. இருப்பிடம் உடலுக்கு ஒவ்வாதது என்று கூறிக் கூலியாட்கள் அதிகக் கூலி கேட்டனர், நிர்வாகம் கொடுக்க மறுத்தது, வேலை கைவிடப்பட்டது. ஆவணங்களில் இது தொழிலாளரின் பேராசைபோல் தொனித்தாலும், உயிரோடு திரும்புவோமா என்று தெரியாத இடத்துக்கு அவர்கள் விலை கேட்டது முற்றிலும் நியாயமான கணக்கு. அணைக்கட்டின் முதல் தோல்வி, தங்குமிடத்தின் தோல்வியே.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சம், கைவிட்ட திட்டத்தை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தது. மேஜர் ரைவ்ஸும் பின்னர் ஸ்மித்தும் தயாரித்த வரைவுகளைத் திருத்தும் பொறுப்பு பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வாடகை. அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. 1906இல் வெளியான மதுரை மாவட்ட விவரச்சுவடி, அதாவது மாவட்டத்தின் நிலம், மக்கள், வரி முதலியவற்றைத் தொகுத்துரைக்கும் அரசாங்க நூல், அணையிடத்தின் நிலையைத் தெளிவாகப் பதிவு செய்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில், மனிதக் குடியிருப்பு இல்லாத காட்டில், ஆண்டின் கணிசமான பகுதியில் மழையும் காய்ச்சலும் வேலையை முடக்கிய இடம் அது. அங்கே சாதாரணக் கூலியாளும் கிடைக்கவில்லை, அரிசி உப்பும் கிடைக்கவில்லை. எல்லாமே 76 மைல் தொலைவிலிருந்த இரயில் நிலையத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

அந்த நிலையம் அம்மையநாயக்கனூர், இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மாட்டுவண்டிகள் பள்ளத்தாக்குச் சாலையில் பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊர் ஊராகக் கடந்து கூடலூரை அடைந்தன. பாண்டியர் காலச் செப்பேடுகளால் ஆய்வாளர்களுக்கு அறிமுகமான சின்னமனூர், இந்தப் பயணத்தில் ஆற்றங்கரையும் வயலும் உள்ள ஓர் இடைவழி ஊர். வண்டிமாடுகளுக்குத் தண்ணீரும் வைக்கோலும் கிடைத்த கடைசிச் செழிப்பான நிலங்கள் இங்கிருந்து கூடலூர் வரைதான். கூடலூருக்கு அப்பால் மலை. அதன் அடிவாரத்தில் அமைந்த முகாமுக்குக் கீழ் முகாம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் லோயர் கேம்ப் என்று பெயரிடப்பட்டது. கட்டுமானம் முடிந்து நூறாண்டு கடந்த பின்னும் அவ்வூருக்கு வேறு பெயர் ஏற்படவில்லை.

ஓர் இடத்தில் மொத்தக் கூட்டத்தையும் குவிக்காமல், மலையடி, மலைமுகடு, அணையிடம் என்று மூன்று நிலைகளாகப் பிரித்ததே 1850இல் தோற்ற முயற்சிக்கும் 1887இல் தொடங்கிய முயற்சிக்கும் உள்ள தலையாய வேறுபாடு எனலாம். சுண்ணாம்புக்கல் அடிவாரத்துக் குருவனூத்தில் வெட்டப்பட்டது. அது கம்பிவடப் பாதையில், அதாவது தூண்களுக்கிடையே கட்டிய கம்பியில் தொங்கி நகரும் தொட்டிகளில், தேக்கடிக்கு ஏறியது. தேக்கடியிலிருந்து ஆற்றுவழியே படகில் அணையிடம் சேர்ந்தது. ஆகவே அடிவாரத்தில் வேலை செய்தவர்கள் மலைமேல் தங்க வேண்டியதில்லை. மலைமேல் தங்கியே ஆக வேண்டியவர்கள் கொத்தர்களும், பாறை உடைப்போரும், தொடக்கத்தில் காட்டை வெட்டித் திறந்த மதராஸ் பயனியர்ஸ் என்னும் படைப்பிரிவினரும், நீரைத் தற்காலிகமாகத் தடுக்கும் காப்பணைகளை அமைக்கக் கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசிய வம்சாவளித் தச்சர்களும்தான். இந்தக் காப்பணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது என்பது பள்ளத்தாக்கில் பிள்ளைகளும் அறிந்த கதை. அதே வெள்ளம் முகாம் அமைப்போரை ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏற்றியது என்பது கதையாகவில்லை.

மேலே ஏறினாலும் எதிரி தொலைந்தபாடில்லை, ஏனெனில் இம்மலையில் மழையும் காய்ச்சலும் முறை வைத்துக்கொண்டு வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான அனோபிலிஸ் கொசு வகை, மெல்ல ஓடும் தெளிந்த ஓடைகளின் புல் விளிம்பில் முட்டையிடுவது. பருவமழை கொட்டும்போது ஓடைகள் சீறிப் புழுக்களை அடித்துச் செல்வதால் காய்ச்சல் தணிகிறது. ஆனால் அப்போது கூரை ஒழுகும், விறகு எரியாது, ஆற்றில் வேலை நடக்காது. மழை ஓய்ந்து ஓடைகள் மெலியும்போது வேலைக்கு உகந்த நாட்கள் வருகின்றன. அதே நாட்களில் கொசுவும் பெருகுகிறது. கூடாரத்துக்கு ஏற்ற பருவமே உடலுக்குக் கேடான பருவமாக அமைந்த இந்த முரணை அக்காலத்தவர் அனுபவத்தில் உணர்ந்தனர், காரணத்தை அறியவில்லை. பள்ளத்தாக்கு மக்கள் அதனை மலைக்காய்ச்சல் என்றனர். மருத்துவர்களோ அழுகும் இலைதழைகளிலிருந்தும் சதுப்பிலிருந்தும் எழும் நச்சுக்காற்றே மூலம் என்று நம்பினர்.

1864இல் வெளிவந்த எட்மண்ட் பார்க்ஸின் நடைமுறைச் சுகாதாரக் கையேடு போன்ற இராணுவ மருத்துவ நூல்கள், முகாமுக்கு மேடான, நீர் வடியும், சதுப்பிலிருந்து விலகிய இடத்தைத் தேடச் சொன்னதும் அந்த நம்பிக்கையின் அடிப்படையில்தான். கோட்பாடு தவறாயினும் பரிந்துரை பாதியளவு பலித்தது, ஏனெனில் சதுப்பிலிருந்து விலகுவோர் தம்மை அறியாமலேயே கொசுவிலிருந்தும் விலகினர். ஆனால் குடிநீருக்கு ஓடை அருகில் வேண்டும் என்ற அடுத்த விதி, அந்த நன்மையைப் பெருமளவு பறித்துவிட்டது. கையிலிருந்த பயனுள்ள மருந்து, 1860 முதல் நீலகிரியில் அரசு பயிரிட்ட சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த கொயினா. சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தது 1897 ஆகஸ்ட் 20 அன்று. பெரியாற்று அணையைச் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்ததோ 1895 அக்டோபரில். அணை கட்டியவர்கள் தம்மைக் கொன்றது எதுவென்று தெரியாமலேயே கட்டி முடித்தார்கள். கட்டுமானக் காலத்தில் நோயால் மடிந்து அணைக்கு வடக்கே அடக்கம் செய்யப்பட்டோர் 483 பேர் என்று ஒரு கணக்கு வழங்குகிறது. காய்ச்சலோடு கீழிறங்கித் தம் ஊரில் இறந்தவர்கள் இத்தகைய கணக்குகளுக்குள் வருவதில்லை என்பதால், இதனைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாகவே கொள்ள வேண்டும்.

இதே பத்தாண்டுகளில் உலகின் மறுபக்கத்தில், 1881இல் பனாமாக் கால்வாயைத் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் மஞ்சள் காய்ச்சலாலும் மலேரியாவாலும் பல்லாயிரம் பேரை இழந்து, 1889இல் நொடித்துப்போனது. 1904க்குப் பின் அமெரிக்கர்கள் அதனை முடிக்க முடிந்ததற்குக் காரணம், கொசு பற்றிய புதிய அறிவைக் கொண்டு முதலில் தங்குமிடங்களைச் சீர்செய்ததே. பனாமா தோற்ற காலத்தில் பெரியாறு நின்று பிடித்தது பெரிய செய்தி. அதற்குரிய புகழ் பென்னிகுவிக்கின் மனவுறுதிக்கு வழங்கப்படுவதில் தவறில்லை. மனைவியின் நகைகளை விற்று அவர் அணை கட்டியதாகச் சொல்லப்படும் மரபுக்கதை அந்த மதிப்பின் வெளிப்பாடு. ஆனால் காய்ச்சல் தீர்ந்தும் தீராமலும் மறுபருவத்தில் மீண்டும் மலையேறிய கூலியாட்களின் உறுதியை அதற்குக் கீழே வைக்க எந்தக் காரணமும் இல்லை.

அணையில் நீர் நிரம்பியபோது, படகுகள் சென்ற பழைய ஆற்றுப்பாதை ஏரிக்குள் மூழ்கியது. 5,704 அடி நீளச் சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்து கிழக்கே வந்த நீர், வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கலந்து சின்னமனூர் வயல்களை எட்டியது. இன்று லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவதாகக் கணக்கு. லோயர் கேம்ப் முழுமையான ஊரானது 1950களின் இறுதியில், சுரங்க நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே எழுந்தபோதுதான். 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வீடுதோறும் டி.டி.டி. தெளித்துக் காய்ச்சலைக் குறைத்திருந்த காலம் அது. முகாம் நிரந்தரக் குடியிருப்பாக மாற மருந்தும் துணை நின்றது என்று கொள்வது பொருந்தும்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் இப்போது தங்குமிடம் தேடிச் செல்வோர் சுற்றுலாப் பயணிகள். அவர்கள் அஞ்சுவது காய்ச்சலுக்கன்று, அட்டைக்கும் யானைக்கும். இடம் தேரும் உரிமையும் பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பின், காட்டில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிப்பது வனத்துறையின் விதிகளுக்கு உட்பட்டது. தென்பழனிச் சோதனைச்சாவடி இரவில் வாகனங்களை ஏற விடுவதில்லை. இந்தக் கட்டுப்பாடு சரியானதே. பள்ளத்தாக்கில் பழைய பொருளில் இன்றும் பெருங்கூட்டம் வந்து இறங்குவது கார்த்திகை, மார்கழியில்தான். சபரிமலை செல்லும் வாகனங்கள் அப்போது கம்பம் மெட்டு வழியாக ஏற்றப்பட்டு, குமுளி வழியாக லோயர் கேம்புக்கு இறக்கப்படுகின்றன. இறங்கி வருவோர் அங்கே சாலையோரம் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் அடுப்பு மூட்டி, ஆற்றில் குளித்துவிட்டுச் செல்கிறார்கள். 2013இல் அங்கே திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபத்திலும் பலர் நின்று செல்வதுண்டு. மலையில் மடிந்த கூலியாட்களின் பெயர்களைத் தாங்கிய கல் ஒன்றும் அந்த மண்டபத்தின் அருகில் நடப்பட வேண்டும்.